ரிவர்ஸ் எடுக்கும் மகள்

பயிற்சிப் பண்ணையின் கம்பிவேலியை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் பஸ் டிரைவர். நேற்றைய மழைக்குத் தரையெல்லாம் சேறு. டயர் தடங்களில் தேங்கிய நீரில் சாயங்கால வெயில் மினுங்குகிறது. நடுவில் உறுமிக்கொண்டிருக்கும் டிராக்டரின் மேல் அவர் மகள். விவசாயம்தான் தன் தொழில் என்று அவள் இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவி நச்சரித்ததால்தான் கடைசித் தேர்வைப் பார்க்க வந்திருக்கிறார். வைக்கோல் ஏற்றிய டிரெய்லரை இடப்பக்கக் கொட்டகைக்குள் ரிவர்ஸில் விட வேண்டும். "இடது பக்கம் ஒடி, இடது பக்கம்," என்று அவர் வாய் முணுமுணுக்க, இரண்டு கைகளும் காற்றில் ஸ்டீயரிங்கை வளைக்கின்றன. அவளோ வலப்பக்கம் ஒடிக்கிறாள். போச்சு, தூணில் மோதப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொள்கிறார். மோதும் சத்தமே இல்லை. திறந்து பார்த்தால், டிரெய்லர் இடப்பக்கம் திரும்பி, இரண்டு தூண்களுக்கும் நடுவே பூனைபோல உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் அடங்குகிறது. கைதட்டல் எழுகிறது.

"யாருங்க அந்தப் பொண்ணு? அசத்திட்டாளே!" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் அம்மாள்.

"என் பொண்ணும்மா," என்கிறார், வேலிக்கு அப்பால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி.

மகள் சேற்று பூட்ஸோடு தயங்கித் தயங்கி அருகே வருகிறாள். "எப்பப்பா வந்தீங்க?"

"அப்பவே வந்துட்டேன். ஏம்மா, இத்தனை வருஷமா பஸ் ஓட்டுறேன், வலப்பக்கம் ஒடிச்சா டிரெய்லர் இடப்பக்கம் போகுதே, எனக்கு இது பிடிபடலையே. அப்பாவுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுப்பியா?"