நாலு மணிக்கு மேல் பால் கூடாது

மரக்காணத்தைத் தாண்டியதும் உப்பு லாரி ஒன்று சாலையின் குறுக்கே கவிழ்ந்து கிடக்க, பாண்டிச்சேரி பஸ் நகராமல் நிற்கிறது. இருபுறமும் உப்புப் பாத்திகளின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. வைஜெயந்தியின் மடியில் எட்டு மாதக் குழந்தை ஷாலினி, பிளந்த மேலுதட்டை விரித்துச் சிணுங்குகிறாள். ஒன்பது மணிக்கு அந்த உதட்டுக்கு ஆபரேஷன். சளி பிடித்து இரண்டு முறை தள்ளிப்போனது. விடிகாலை நாலு மணிக்கு மேல் பால் கூடாது என்று மயக்க டாக்டர் சொல்லியிருக்கிறார். இதயத்தில் ஓட்டை இருக்கிறது, அழவிட்டால் நீலம் பாய்ந்துவிடும் என்று சொன்னவரும் அவரேதான். “பச்சக் கொழந்தைய ஏம்மா அழுவ வுடுற? பாலக் குடு,” என்கிறாள் முன்சீட்டுக்காரி. வைஜெயந்தியின் ரவிக்கை தானாக நனைகிறது. பால் வாசனைக்குக் குழந்தை மார்பில் முட்டி முட்டி வீறிடுகிறாள், நகங்கள் கறுக்கின்றன. “நீ கீழ எறங்கு. உன்னப் பாத்தாதான் பால் கேக்குறா,” என்று கணவன் ராஜ்கமல் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்கிறான்.

அவள் இறங்கிப் போய் வரப்பில் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். எதற்கென்று தெரியாமல், பால் புகட்டும் பாலாடையையும் காலியாகவே எடுத்து வந்திருக்கிறாள். செருப்படியில் உப்பு நொறுங்குகிறது. பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்த அழுகை சட்டென்று நின்றுபோகிறது. தூங்கிவிட்டாளா, இல்லை நீலம் பாய்ந்துவிட்டதா? திரும்பிப் பார்த்தால் குழந்தையும் இவளைப் பார்த்துவிடும். ராஜ்கமல் கூப்பிட மாட்டானா என்றிருக்கிறது. கூப்பிட்டுவிடுவானோ என்றும் இருக்கிறது.