தலைவருக்கு ஜரிகை

தலைமை என்பது உடுப்பில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது என்றார் காலை நடையாளர் சங்கத் தலைவர் வைகுண்டராஜ். சொன்ன கையோடு, இடுப்பைச் சுற்றி ஜரிகை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும் என்றார்.

அவர் மனைவி மாரிக்கனி தரையில் மண்டியிட்டு ஊசியில் நூல் கோத்தாள். மில்லில் நைட் ஷிப்டு முடிந்து வந்தவள் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. கண்ணுக்குள் பஞ்சு பறந்துகொண்டிருந்தது.

சங்கத்தில் எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்ஷர்ட். ஸ்வெட்டர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பூ இல்லை, எழுத்து இல்லை, மொட்டை உடுப்பு.

அதுதான் வினையாகப் போயிற்று. போன வாரம் டீக்கடைக்காரர், செயலாளர் சோணைமுத்துவைப் பார்த்து "தலைவரே" என்று கூப்பிட்டு, முதல் டீயை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து வைகுண்டராஜுக்குத் தூக்கமில்லை. ஆகவே மாரிக்கனிக்கும் இல்லை.

தோள் இரண்டிலும் குஞ்சம். ஜன்னல் ஸ்கிரீனில் இருந்து அறுத்தது. நெஞ்சில் ஜமிக்கி நட்சத்திரம் மூன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஃபேன்சி ஸ்டோருக்கு அவரே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தேவதை வேஷத்துக்கு ஒட்டுவது.

மிச்சம் இருந்தது ஜரிகை மட்டும். அது அவளுடைய கல்யாணச் சேலையின் பார்டர்.

இன்று அய்யனார் கோவில் வரைக்கும் நடை. பத்திரிகையில் இருந்து போட்டோ எடுக்க வருகிறார்கள். போட்டோவில் யார் தலைவர் என்று ஒருவரும் கேட்கக் கூடாது.

"கழட்டித் தாங்க. உடம்புல கிடக்கையில தைக்கக் கூடாதும்பாக."

"அதெல்லாம் மூடநம்பிக்கை. ராகுகாலத்துக்கு முந்திக் கிளம்பணும், நீ தையி."

ஒரு செம்பு வெந்தயத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது செம்பை எடுத்தார். நடுநடுவே உதடு அசைந்தது. பேச்சை மனப்பாடம் செய்கிறார்.

மாரிக்கனி அவரைச் சுற்றி முழங்காலால் நகர்ந்து நகர்ந்து தைத்தாள். முன்பக்கம் ஒரு தரம் கண் செருகியது. முதுகுப் பக்கம் போனபோது எத்தனை தரம் என்று தெரியவில்லை. கை மட்டும் மிஷின் மாதிரி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முடிச்சுப் போடும்போதுதான் பார்த்தாள்.

"ஏங்க, இங்க கீழ வந்து..."

அவர் உள்ளங்கையைக் காட்டினார். "பேசாத ஏட்டி. ஸ்பீச் மறந்துரும்."

"இல்லங்க, இடுப்புல..."

"எதுன்னாலும் பொறவு."

வாசலில் சங்கத்தார் வந்துவிட்டார்கள். "தலைவரே" என்று குரல் கேட்டது. சோணைமுத்துவின் குரலேதான்.

வைகுண்டராஜ் நிமிர்ந்தார். இடுப்பில் ஏதோ கவ்விப் பிடித்தது போல இருந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

"எம்புட்டு விறைப்பா நிக்குது பாத்தியா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மாரிக்கனி ஊசியைச் சுவர்க் காலண்டரில் குத்திவிட்டுப் பாயை விரித்துச் சாய்ந்தாள்.

ஜரிகையோடு சேர்ந்து அவருடைய டிராக் பேண்டும் ஸ்வெட்ஷர்ட்டில் தைபட்டிருந்தது. இடுப்பைச் சுற்றி, இரட்டை நூலில்.

அவருக்குச் சர்க்கரை. அய்யனார் கோவில் போய்ச் சேர்வதற்குள் நாலு தடவையாவது ஒதுங்குவார்.