சட்டையில் புளித்த வாடை

கரமனை அக்ரஹாரத்து வீட்டில், கணவர் கழற்றிப்போட்ட சட்டையை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றாள் வாலாம்பாள்.

"இன்னிக்கும் கள்ளு நாத்தம். பஸ்ஸிலே யாராவது பக்கத்துலே உக்காந்தாளா?"

"எத்தனை தடவை சொல்றது, அது வினிகர்" என்றார் நீலகண்டன். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். "தீக்காயத்துக்கு ஸ்பாஞ்சு பண்றோம். அதோட ஓட்டைக்குள்ளே புதுத் தோல் வளரணும். ஒரு பொடியை வினிகர்லே கரைச்சு, உறைய வெச்சு, அப்படியே காய வெக்கணும்."

"கள்ளு ஷாப்புக்கு இப்போ ஆராய்ச்சிக்கூடம்னு பேரா?"

"வாலா, போறும்."

"போறாது. என்ன பொடி அது?"

"கைட்டோசான்."

"எதுலேந்து எடுக்கறா?"

நீலகண்டன் சுவரைப் பார்த்தார்.

"பாத்தேளா, பதில் வரலை. உள்ளதைச் சொல்லுங்கோ. இல்லேன்னா நாளைக்கே நான் ஸ்ரீவராகத்துக்கு, அண்ணா ஆத்துக்குப் போயிடறேன்."

அவர் அலுத்துப்போன குரலில் சொன்னார்:

"சரி. கள்ளுதான். இனிமே தொடமாட்டேன்."

"இதை முதல்லேயே சொல்லியிருக்கலாமோல்லியோ? பகவான் மேலே சத்தியம் பண்ணிட்டு உள்ளே வாங்கோ. இலை போடறேன்."

பண்ணினார்.

மறுநாள் காலை, வாழ்நாளில் கள்ளைத் தொட்டறியாத நீலகண்டன், மாற்றுச் சட்டையோடு ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்தார்.

"சாரே, கைட்டோசான் எடுக்க உள்ள சாக்கு வந்தாச்சு" என்றாள் உதவியாளர் ஷிஜா.

வாசலில் மூன்று சாக்கு நிறைய இறால் ஓடு.