சிங்கப்பூரில் பார்க்க வேண்டியது

"இதா சிங்கப்பூரு? நம்ம பன்னண்டாம் நம்பர் மலை மாதிரியில்ல இருக்கு!"

அழகம்மா போட்டோவைத் தூக்கிப் பிடித்து ஆட்டினாள். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டிலில் வாளியோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பால் ஏற்ற வரும் பவுசர் வண்டி கரவனெல்லப் பக்கம் எங்கேயோ பழுதாகி நின்றுவிட்டதாம். அது வரும்வரை நிறுவை கிடையாது. விடியலிலிருந்து பால் வெட்டிய கைகள் சும்மா கிடந்தன. வாய்க்கு வேலை வந்துவிட்டது.

கிருஷ்ணராஜ் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்திருக்கலாம். மூன்று வருடத்தில் பெண்சாதி புஷ்பம் அனுப்பிய முதல் போட்டோ.

கீழ் டிவிசன் நிரோஷாவும் சிங்கப்பூரில்தான் வீட்டு வேலை செய்கிறாள். அவள் படம் லயம் லயமாக, வீட்டுக்கு வீடு சுற்றி மூலை மடிந்து போயிருந்தது. சிங்கத் தலையும் மீன் உடம்புமாக ஒரு சிலை வாயால் தண்ணீர் துப்பும். பின்னால் வானத்தை முட்டும் கட்டடங்கள். முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு நிரோஷா. அந்தச் சிலைக்கு முன்னால் நின்றால்தான் சிங்கப்பூர் போனதாக இங்கே கணக்கு.

புஷ்பம் நின்றதோ ஒரு ரப்பர் மரத்தடியில்.

"லீவு நாள்ல எங்க போகணும்னு மேடம் கேட்டிருக்காங்க. அங்க பெரிய பூந்தோட்டம் ஒண்ணு இருக்காம். அதுல நம்ம மரமும் நிக்குதாம். வெள்ளைக்காரங்கல்லாம் வந்து பாத்துப் படம் புடிக்கிறாங்களாம். போன மாசம் போன்ல சொன்னா" என்றான் கிருஷ்ணராஜ்.

"ரப்பர் மரத்தப் பாக்கவா? அப்ப ஒரு கேட்டப் போட்டு நாமளும் டிக்கட் வெட்டுவோம்டா" என்றார் பழனியாண்டி.

கொட்டில் அதிர்ந்தது. கிருஷ்ணராஜும் சேர்ந்து சிரித்தான்.

அழகம்மா மட்டும் சிரிக்கவில்லை. படத்தைக் கண்ணருகே கொண்டுபோயிருந்தாள்.

"அது கெடக்கட்டும். இந்தக் கை என்னா தம்பி?"

புஷ்பத்தின் வலது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. மரத்தைத் தொடவில்லை. அவள் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே, மரத்தில் பால் வெட்டிய தடத்துக்கு நேர் மட்டத்தில், உள்ளங்கை கவிழ்ந்து அந்தரத்தில் நின்றது. அதன் கீழே வெறும் புல்.

"பக்கத்துல யாரோ உக்காந்து இருந்திருக்கான். தோள்ல கை. படம் புடிக்கிறப்ப அவன் வெலகிட்டான், இவ கைய எடுக்க மறந்துட்டா" என்று அழகம்மாவே பதிலும் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"குடுங்கக்கா" என்றான் கிருஷ்ணராஜ். கையை நீட்டினான்.

நேற்றுத் தபால் வந்ததிலிருந்து அவனும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது அதற்கொரு நல்ல காரணம் சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் படத்தை வெளியே எடுத்திருந்தான்.

பள்ளிக்கூடம் விட்டு மகள் துஷாந்தினி வந்தாள். அழகம்மா போட்டோவை அவனிடம் கொடுக்காமல் அவளிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு குட்டி. ஒங்கம்மா யாரு மேல கைய வச்சிருக்கா?"

துஷாந்தினி முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் அதை மட்டும் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

புத்தகப் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். கொட்டிலை ஒட்டி நின்ற ரப்பர் மரத்தடிக்குப் போய், முதுகை மரத்தோடு ஒட்டவைத்து நின்றாள்.

கிருஷ்ணராஜுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பால் நிறுத்து முடிந்ததும் புஷ்பம் பிள்ளையை அந்த மரத்தில்தான் சாய்த்து நிறுத்துவாள். தலையில் உள்ளங்கையை வைத்து, பிள்ளை வெட்டுத் தடத்துக்கு எட்டிவிட்டாளா என்று பார்ப்பாள். வெளிநாட்டுக்குப் புறப்பட்ட அன்றும் பார்த்தாள். அன்றுதான் துஷாந்தினி எட்டியிருந்தாள். ஆறு வயது.

மூன்று வருடமாகப் பால் வெட்ட வெட்ட, மரத்து வெட்டு பிள்ளையின் இடுப்புக்கு இறங்கியிருந்தது. பிள்ளையோ ஒரு சாணுக்கு மேல் ஏறியிருந்தாள்.

போட்டோவில் அம்மாவின் கை நின்ற உயரத்தைப் பார்த்துக்கொண்டே துஷாந்தினி முழங்காலை மடக்கினாள். போதவில்லை. இன்னும் கொஞ்சம் மடக்கினாள்.

"இப்ப சரியாப்பா?"

அவள் தொடை நடுங்க, நிமிராமல் அப்படியே நின்றாள்.