பாஸ்வேர்டு தவறு

பட்டாசு லேபிள் படங்களை டிசைன் கம்ப்யூட்டரிலிருந்து அச்சுத் தகடு எடுக்கும் பிளேட் ரூமுக்கு நாள் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தது, சுஃபியான் எழுதிவைத்த புரோகிராம். ஆனி மாதம் சாத்தூர் ரோட்டில் லாரி மோதி அவன் போய்ச் சேர்ந்த பிறகும், அந்தத் திருத்தங்கல் அச்சகத்தில் அது அவன் பெயரிலேயேதான் ஓடியது. பாஸ்வேர்டு அவன் மனைவி பெயர், தஹ்மீனா. அது கூட வேலை பார்த்த செல்வக்குமாருக்கு மட்டும்தான் தெரியும்.

காலையிலிருந்து ஒழுங்காக ஓடியது, மதியம் பாதிப் படத்தில் நின்றது. பாஸ்வேர்டு தவறு என்றது. தீபாவளி ஆர்டர் காத்துக்கிடந்தது. செல்வக்குமார் துருவிப் பார்த்தான். பாஸ்வேர்டு சற்று முன்புதான் மாற்றப்பட்டதாகக் காட்டியது.

வேறு வழி தெரியாமல் சுஃபியான் வீட்டுக்குப் போன் போட்டான். அவன் அம்மா சபுரா எடுத்தாள்.

"அவன் வேற பாஸ்வேர்டு ஏதும் சொல்லியிருந்தானாம்மா?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? இங்கன தஹ்மீனா பெத்த பிள்ளைக்கு இப்பத்தான் பேரு வச்சோம். ஆயிஷான்னுதான் வைக்க இருந்தோம். கடைசி நேரத்துல அவதான் ருக்சானான்னு மாத்திட்டா."

செல்வக்குமார் அந்தப் பெயரை அடித்துப் பார்த்தான். நின்ற இடத்திலிருந்து படங்கள் போகத் தொடங்கின.

"அந்தப் பேரைக் கேக்க எம்புள்ளைக்குக் கொடுத்து வைக்கலையே தம்பி" என்று சபுரா அழுதாள்.