பின்னால் தள்ளிய தேதி

மலேசியாவின் செனாவாங் தொழிற்சாலை அலுவலகத்தில் மதிய வெயில் கணினித் திரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. ஆர்டர்களை ரகசியக் குறிகளாக மறையாக்கி அனுப்பும் கணினி நிரலான லைப்ரரி, வாடிக்கையாளரின் புதிய மின்சான்றிதழைக் காலையிலிருந்து ஏற்க மறுக்கிறது. "ஒனக்கு வேலையே தெரியலலா," என்று முதலாளி ஆதப்பன், கணினியைக் கவனிக்கும் சௌந்தரவல்லியின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்துகிறார். வெளியே ஷிப்டு முடிந்து கிளம்புபவர்களின் மோட்டார் சைக்கிள்கள் உறுமுகின்றன. அவள் சந்தேகப்பட்டு, திரையின் மூலையிலுள்ள கடிகாரத்தைத் திறக்கிறாள். ஆண்டு 1997. சுவர் நாள்காட்டியிலோ 1999. போன வாரம் வழங்கிய சான்றிதழ் இந்தக் கணினிக்கு இன்னும் பிறக்கவே இல்லை. "தேதிய யாரு மாத்துனது?" "நான்தான். பின்னால தள்ளி வெச்சாத்தானே, கெடு முடிஞ்ச அந்த ஓசி கணக்கு புரோகிராம் நிக்காம ஓடுது!" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆண்டைத் திருத்துகிறாள். சான்றிதழ் செல்லுபடியாகிறது, கணக்கு புரோகிராம் நின்றுபோகிறது. ஆதப்பன் அலறுகிறார். அவள் விரல் கடிகாரத்தின் மேலேயே நிற்கிறது. "ஆர்டர் வேணுமா, ஓசி வேணுமா? சொல்லுங்க மொதலாளி."