ஒரு நூல் இடைவெளி

கல்யாணமான புதிதில் பரணிதரன் தானே வரைந்து கொடுத்துச் செய்யச் சொன்ன தேக்கு மேசை அது. அவரை விதைபோல் வளைந்தது. உலகத்திலேயே இது ஒன்றுதான் என்பான். அதற்குக் கண்ணாடி போட, அவனிடம் சொல்லாமல், மனைவி சுகந்தி ஆளைக் கூப்பிட்டாள்.

கண்ணாடிக் கடை காதர் பாய் டேப்பை விரிக்கவில்லை. மேசையைப் பார்த்ததும் வண்டிக்குப் போய் ஓர் அட்டையை எடுத்து வந்து மேலே வைத்தார்.

“போன மாசம் பழைய வீட்ல இந்த மேசைக்கு நான் வெட்டின அளவுதான். சார் பேர் எழுதியிருக்கு பாருங்க. வீடு மாத்துறப்போ கண்ணாடி உடைஞ்சிடுச்சாம்மா?”

பரணிதரன் என்றே இருந்தது. எங்காவது ஒரு நூல் இடைவெளி இருக்காதா என்று விளிம்பு முழுக்க விரலால் தடவினாள். அட்டை கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

“நாங்க வீடு மாறலை பாய்,” என்றாள். “உங்க வண்டியில இன்னொருத்தர் உட்கார இடம் இருக்கா?”